செய்வேன் என்பதற்கும் செய்தேன் என்பதற்கும் நடுவில்

கேள்வி: ஜூன் 3, காலை 9.12

நான் தரவுப் பகுப்பாய்வு செய்கிறவன். எங்கள் டீமில் புதிதாக ஒரு பயனர் ஆய்வாளர் சேர்ந்திருக்கிறார். மூன்று வாரம் எடுத்துக்கொண்டு எட்டுப் பேரிடம் பேசினார். பிறகு "பயனர்கள் இப்படி நினைக்கிறார்கள்" என்று ஸ்லைடு போட்டார். என்னிடம் லட்சக்கணக்கான பயனர்களின் லாக் (யார் எதை எப்போது செய்தார் என்று மென்பொருள் தானாகக் குறித்துவைக்கும் பதிவு) இருக்கிறது. எட்டுப் பேர் சொன்னதை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்? காரணம்தான் தெரிய வேண்டும் என்றால் ஆப்பிலேயே "ஏன் பாதியில் விட்டீர்கள்?" என்று ஒரு பெட்டி வைத்தால் ஆயிரம் பதில் வந்துவிடுமே. இந்த முறையில் உண்மையாகவே ஏதாவது இருக்கிறதா?

ஜூன் 3, இரவு 10.40

பதினொரு வருடமாக எனக்கு இதுதான் வேலை. உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எட்டுப் பேர் போதுமா என்பது ஒன்று, "ஏன்" என்று கேட்டால் போதாதா என்பது இன்னொன்று. எல்லோரும் பிடித்துக்கொள்வது முதலாவதை. எனக்கு இரண்டாவதுதான் பெரிது, ஏனென்றால் அதில் சறுக்கிவிட்டால் எட்டுப் பேரைக் கேட்டாலும் எட்டாயிரம் பேரைக் கேட்டாலும் கையில் வருவது ஒரே சரக்குதான்.

1977-இல் ரிச்சர்ட் நிஸ்பெட், டிமதி வில்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. வரிசையாக நான்கு ஜோடி நைலான் காலுறைகள். இதில் எது தரமானது என்று வருகிறவர்களைக் கேட்டார்கள். நான்கும் அச்சு அசலாக ஒரே காலுறைதான். ஆனாலும் இடது கோடியில் இருந்ததை 12 சதவீதம் பேரும் வலது கோடியில் இருந்ததை 40 சதவீதம் பேரும் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்று கேட்டபோது, வைத்திருந்த இடத்தை ஒருவர்கூடக் காரணமாகச் சொல்லவில்லை. இடம் காரணமாக இருக்குமோ என்று நேராகவே கேட்டுப் பார்த்தார்கள், கிட்டத்தட்ட எல்லோரும் மறுத்தார்கள்.

இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. காரணம் கேட்டால் மனித மனம் சும்மா இருக்காது, பொருத்தமாகத் தோன்றுகிற ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிடும், கொடுத்தவருக்கே அது பிறகு வந்த காரணம் என்று தெரியாது. நீங்கள் வைக்கப்போகும் பெட்டியில் "நேரமில்லை" என்று முந்நூறு பேர் எழுதுவார்கள். அந்த முந்நூறை வைத்து என்ன செய்வீர்கள்?

ஜூன் 4, காலை 6.55

நேற்றுப் படுத்த பிறகு தோன்றியது, காலுறைச் சோதனையை விட நான் நேரில் பார்த்ததைச் சொல்லியிருக்கலாம் என்று.

ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். வார்டில் நர்சுகள் நோயாளிகளின் ரத்த அழுத்தம், காய்ச்சல், நாடித்துடிப்பு இவற்றை டேப்லெட்டில் பதிவு செய்ய ஒரு மென்பொருள். லாக் எடுத்துப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: நாள் முழுக்கப் பரவலாக வர வேண்டிய பதிவுகள் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் கொத்துக் கொத்தாக வந்து விழுந்தன. நிர்வாகத்தில் இருந்த ஒருவர் சோம்பேறித்தனம் என்று சொல்லி முடித்துவிட்டார். என்னை அனுப்பியது, இந்த சோம்பேறித்தனத்துக்கு ஆப்பில் என்ன நினைவூட்டல் வைக்கலாம் என்று கேட்டு வரத்தான்.

ஆறு நர்சுகளிடம் தனித்தனியாகப் பேசினேன். "அளவு எடுத்ததும் என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். ஆறு பேரும் ஒரே பதில்: "உடனே பதிஞ்சிடுவோம் சார்." லாக் ஒன்று சொல்கிறது, ஆறு பேர் சேர்ந்து வேறொன்று சொல்கிறார்கள். எனக்கு அப்போது அனுபவம் குறைவு. பயந்துகொண்டு மறைக்கிறார்கள் என்றுதான் என் நோட்டில் எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அப்புறம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு ஷிஃப்ட் முழுக்கக் கூடவே நின்றேன். உண்மையில் அவர்கள் உடனேதான் பதிந்தார்கள். சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு துண்டுச் சீட்டு, அதில் படுக்கை எண், அளவு, நேரம். டேப்லெட் இரண்டு நிமிடத்தில் பூட்டிக்கொள்ளும். திறக்க பாஸ்வேர்டு அடிக்க வேண்டும், அதற்குக் கையுறையைக் கழற்ற வேண்டும், அடுத்த படுக்கைக்குப் போகுமுன் கை கழுவிப் புதுக் கையுறை போட வேண்டும். இருபது படுக்கைக்கு இருபது தடவை இதைச் செய்தால் வேலை நடக்குமா? அதனால் சீட்டில் எழுதி, கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக ஏற்றினார்கள். "பதிவது" என்ற சொல்லுக்கு அவர்களுக்கு அந்தச் சீட்டுதான் பொருள். எனக்கும் லாக்குக்கும் டேப்லெட்.

நினைவூட்டல் எதுவும் வைக்கவில்லை. பூட்டிக்கொள்ளும் நேரத்தை மாற்றினார்கள். அளவு எடுத்த நேரத்தையும் ஏற்றிய நேரத்தையும் தனித்தனியாகக் குறிக்க இடம் வைத்தார்கள், ஏனென்றால் அதுவரை காலை பத்து மணிக் காய்ச்சல் மதியம் இரண்டு மணிக் காய்ச்சலாக டாக்டரின் திரையில் தெரிந்துகொண்டிருந்தது. நினைவூட்டல் வைத்துவிட்டு வந்திருந்தால் இந்தத் தவறு அப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

இதில் உங்கள் லாக்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. லாக் இல்லாவிட்டால் அந்த வார்டுக்கே போயிருக்க மாட்டேன்.

ஜூன் 4, மதியம் 1.20

"அப்படியானால் பேட்டியே வீண்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் இல்லை, என் கேள்விதான் தப்பு. மேலே பாருங்கள், "என்ன செய்வீங்க?" என்று கேட்டேன், "பதிஞ்சிடுவோம்" என்று வந்தது. "செய்வேன்" என்று ஒருவர் சொல்லும்போது தமிழில் அது எதிர்காலம் மட்டும் இல்லையே, வழக்கத்தைச் சொல்லவும் அதே வடிவம்தான். "காலையில் சீக்கிரம் எழுந்திருப்பேன்" என்று சொல்கிறவர் இன்று காலை எப்போது எழுந்தார் என்பதைச் சொல்லவில்லை, தான் எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்கிறார். அதுவும் ஒரு தகவல்தான், ஆனால் நான் தேடி வந்த தகவல் அது இல்லை.

இப்போதெல்லாம் பேட்டியில் நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது வினைச்சொல்லின் வாலைத்தான். "செய்வேன்", "பார்ப்போம்", "பொதுவா", "எப்பவும்", "வழக்கமா" என்று வந்தால், மெதுவாக "கடைசியா எப்போ பண்ணீங்க? அன்னைக்கு எங்க இருந்தீங்க?" என்று இழுத்துவிடுவேன். "செஞ்சேன்", "போனேன்", "அப்போ அவர் கூப்பிட்டார்" என்று பேச்சு மாறியதும் சீட்டு வெளியே வரும், பக்கத்தில் இருந்த ஆள் வெளியே வருவார், அணைந்துபோன போன் வெளியே வரும். இது நான் கண்டுபிடித்தது இல்லை. 1954-இல் ஜான் ஃபிளானகன் என்ற உளவியலாளர், போர்க்காலத்தில் விமானப்படைக்காகச் செய்த ஆய்வுகளிலிருந்து திரட்டி, கருத்தைக் கேட்காதே, நடந்த ஒரு சம்பவத்தைக் கேள் என்ற முறையை எழுதி வைத்தார். நல்ல விமானி யார் என்று கேட்டால் பொத்தாம்பொதுவாகத்தான் பதில் வரும். ஒரு குறிப்பிட்ட நாளில் யார் என்ன செய்தார், அதனால் என்ன ஆனது என்று கேட்டால் பயிற்சிக்குப் பயன்படும்.

ஜூன் 5, இரவு 11.05

சரி, எட்டுப் பேர் கணக்கு. இடையில் ஒருவர் "ஐந்து பேரே போதும் என்று படித்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தார். அந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் குழப்பம் குறையும். ஜேக்கப் நீல்சன், தாமஸ் லண்டாவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993-இல் ஒரு கணக்குப் போட்டார்கள்: ஒரு திரையில் உள்ள பயன்பாட்டுச் சிக்கல் ஒன்று ஒரு பயனரிடம் தெரிய வரும் வாய்ப்பு, அவர்கள் பார்த்த திட்டங்களில் சராசரியாக 31 சதவீதம். அப்படியானால் ஐந்து பேரை உட்கார வைத்தால் சுமார் 85 சதவீதச் சிக்கல்கள் தெரிந்துவிடும். இது பட்டன் எங்கே இருக்கிறது என்று தேடித் தடுமாறுவதைப் பற்றிய கணக்கு. மனிதர்கள் தங்கள் வேலையை, பணத்தை, நோயை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதற்கு இந்த ஐந்தைத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது.

பேட்டிகளுக்கு அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2006-இல் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் செய்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு நாடுகளில் பெண்களிடம் எடுத்த 60 பேட்டிகளைத் திரும்பப் பிரித்துப் பார்த்து, புதிய விஷயம் வருவது எத்தனையாவது பேட்டியோடு நின்றது என்று எண்ணினார்கள். முதல் பன்னிரண்டுக்குள் பெரும்பாலும் எல்லாம் வந்துவிட்டது, அடிப்படையான கருப்பொருள்கள் ஆறிலேயே தெரிந்துவிட்டன. ஆனால் அவர்கள் பேசியவர்கள் ஒரே மாதிரி நிலையில் இருந்தவர்கள், கேள்விகளும் எல்லோருக்கும் ஒன்றுதான். உங்கள் எட்டுப் பேரில் இரண்டு பேர் மாணவர்கள், இரண்டு பேர் ஓய்வு பெற்றவர்கள், மீதி நாலு பேர் நாலு விதம் என்றால் அது எட்டுப் பேட்டி ஆகாது, ஒவ்வொரு வகையிலும் ஒன்றிரண்டு.

உங்கள் சக ஊழியரின் ஸ்லைடில் எனக்கு உறுத்துவது எட்டு என்ற எண் இல்லை, "பயனர்கள் இப்படி நினைக்கிறார்கள்" என்ற வாக்கியம். எட்டுப் பேரை வைத்து எத்தனை சதவீதம் என்று சொல்லவே முடியாது, சொல்லவும் கூடாது. "இப்படி ஒன்று நடக்கிறது, இந்த வழியாக நடக்கிறது" என்று சொல்லலாம். ஒரு நர்சின் பையில் சீட்டைப் பார்த்துவிட்டால், சீட்டு என்று ஒன்று உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டாம். எத்தனை பைகளில் இருக்கிறது என்று எண்ணுவது உங்கள் வேலை. எட்டுப் பேரிடமும் வராத விஷயம் அரிதானது என்று விட்டுவிடலாம்.

ஜூன் 6, காலை 7.30

மேலே கடைசி வாக்கியம் தவறு. தூக்கம் வந்த நேரத்தில் எழுதிவிட்டேன், அழிக்காமல் திருத்துகிறேன். பத்தில் ஒருவருக்கு நடக்கிற விஷயம் என்று வைத்துக்கொள்வோம். அது அரிது இல்லை, லட்சம் பயனர் என்றால் பத்தாயிரம் பேர். எட்டுப் பேரில் ஒருவரிடம்கூட அது தென்படாமல் போகும் வாய்ப்பு 0.9-ஐ எட்டு முறை பெருக்கினால் வரும், கிட்டத்தட்ட 43 சதவீதம். பன்னிரண்டு பேரிடம் பேசினாலும் 28 சதவீதம். ஆக, பார்த்ததை உண்டு என்று சொல்லலாம், பார்க்காததை இல்லை என்று சொல்ல எந்த உரிமையும் கிடையாது. அறிக்கை எழுதும்போது இதை நானே மறந்திருக்கிறேன், அதனால்தான் கை பழக்கத்தில் அப்படி எழுதியது.

ஜூன் 8, மாலை 5.15

கேள்விப் பட்டியல் அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் இருக்கிறது, ஆனால் அதை அப்படியே படித்தால் பயனில்லை, ஏனென்றால் கேள்வி கெடுவது பெரும்பாலும் வாயிலிருந்து வரும்போதுதான். தாளில் "எப்படி இருந்தது?" என்று இருக்கும், வாயில் "சுலபமா இருந்துச்சா?" என்று வந்துவிடும். அந்த "ஆ" ஒன்று போதும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் மரியாதைக்காகவே "ஆமா" என்பார். "தானே", "இல்லையா", "ல்ல?" இவை இன்னும் மோசம், "இது உங்களுக்கு உதவியாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு "உதவியாக இருந்ததாகச் சொன்னார்" என்று எழுதிக்கொள்வது நம் சொல்லை நாமே திருப்பி வாங்கிக்கொள்வது.

என் பழைய ட்ரான்ஸ்கிரிப்ட் (பேட்டியைப் பேசியபடியே எழுத்தாக்கியது) ஒன்றில் "ஆ"வில் முடியும் என் கேள்விகளை ஒரு நாள் எண்ணினேன். முப்பத்தொன்று. எ-வில் தொடங்கும் கேள்விகள் (என்ன, எங்கே, எப்போ, எப்படி) ஒன்பது. அன்றிலிருந்து ஒவ்வொரு பேட்டிக்குப் பிறகும் எண்ணுகிறேன். இது சின்ன வேலை, ஆனால் நான் கற்றதில் அதிகம் பயன்பட்டது.

சொல் நினைவையே மாற்றிவிடும் என்பதை எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற உளவியலாளர்கள் 1974-இல் காட்டினார்கள். கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, கார்கள் "மோதியபோது" எவ்வளவு வேகம் என்று சிலரிடமும், "மோதி நொறுங்கியபோது" எவ்வளவு வேகம் என்று வேறு சிலரிடமும் கேட்டார்கள். இன்னொரு சுற்றில் ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. "நொறுங்கியபோது" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள், "மோதியபோது" என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர்.

அதனால் "செய்தேன்" என்று வந்துவிட்டாலே உண்மை வந்துவிட்டது என்று நாலு நாள் முன்பு நான் எழுதிய தொனியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். "செய்தேன்" என்பதும் நம் கேள்வியின் சாயம் ஏறியே வரும்.

ஜூன் 8, மாலை 5.40

சேர்க்க மறந்தது: பயனர் ஒரு பொருளை என்ன பெயர் சொல்லி அழைக்கிறாரோ அதே பெயரைத்தான் நானும் பிறகு சொல்வேன். அவர் "அந்தப் பச்சைப் பெட்டி" என்றால் எனக்கும் அது பச்சைப் பெட்டிதான். டிசைனர் அதற்கு வைத்திருக்கும் பெயரைச் சொன்ன நிமிடத்திலேயே அவர் தன் சொல்லைத் தப்பென்று நினைத்து மாற்றிக்கொள்வார்.

ஜூன் 11, இரவு 9.50

பேசாமலே புரிந்துகொள்ள முடியாதா என்ற கேள்விக்கு. முடியும், பல நேரம் அதுதான் நல்லது. லூசி சக்மன் என்ற மானுடவியலாளர் 1980களில் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் நகலெடுக்கும் இயந்திரத்தைப் பயன்படுத்துகிறவர்களைப் படம் பிடித்தார். இருவர் சேர்ந்து இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிற காட்சி. தேர்ந்த கணினி விஞ்ஞானிகளே திணறினார்கள். மனிதர் ஒரு திட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வரிசையாக அதை நிறைவேற்றுகிறார் என்று இயந்திரத்தை வடிவமைத்தவர்கள் எண்ணியிருந்தார்கள். திரையில் வந்ததற்கு ஏற்ப அந்தந்த நிமிடத்தில் அடுத்த அடியை முடிவு செய்துகொண்டிருந்தார்கள் அந்த மனிதர்கள். இயந்திரம் எதிர்பார்த்தது ஒன்று, இவர்கள் நின்றிருந்த இடம் வேறு. இதை எந்தப் பேட்டியிலும் கேட்டு வாங்கியிருக்க முடியாது.

எனக்கு இதைவிட நெருக்கமானது மாரியென்தால் ஆய்வு. ஆஸ்திரியாவில் ஒரு சிற்றூர், நெசவாலை மூடியதும் ஏறக்குறைய எல்லோருக்கும் வேலை போனது. மரீ யஹோடா, பால் லசார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்ஸைசல் என்ற சமூக ஆய்வாளர்கள் 1930களின் தொடக்கத்தில் ஒரு குழுவோடு அந்த ஊரை ஆராய்ந்து 1933-இல் வெளியிட்டார்கள். தெருவில் நடக்கிறவர்களின் வேகத்தைக்கூட அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், வழியில் அடிக்கடி நின்றார்கள். பெண்களுக்கு வீட்டு வேலை அப்படியே இருந்ததால் அவர்களிடம் அந்தத் தேக்கம் இல்லை. நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. "வேலை போனதால் உங்கள் நேர உணர்வு எப்படி மாறியது?" என்று கேட்டிருந்தால் ஒரு பதிலும் உருப்படியாக வந்திருக்காது. இங்கே எண்ணிக்கையும் இருக்கிறது, மனிதர்களின் சொற்களும் இருக்கின்றன, ஒன்றை ஒன்று தாங்கி நிற்கின்றன. தரவுக்காரர் நீங்கள் இதைப் படித்தால் உங்களுக்கும் எனக்கும் சண்டையே வராது.

இன்னொன்றும் செய்தார்கள். குழுவில் யாரும் வெறும் பார்வையாளராக அங்கே இருக்கக் கூடாது, ஊருக்குப் பயன்படும் ஒரு வேலை ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். துணி சேகரித்துக் கொடுத்தார்கள், மருத்துவ ஆலோசனை நடந்தது. நான் வார்டில் நின்ற அன்று மூலையில் நோட்டை வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு நர்ஸ் கையில் பொருள்களோடு வந்தபோது கதவைத் திறந்து பிடித்தேன். அதற்குப் பிறகுதான் சீட்டை எனக்கு முன்னால் கூச்சமில்லாமல் வெளியே எடுத்தார். இதை நான் அறிக்கையில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும், அந்தச் சீட்டு எப்படிக் கண்ணில் பட்டது என்பதும் ஆய்வின் பகுதிதான்.

ஜூன் 14, காலை 8.10

"ஏன் என்று கேட்கவே கூடாதா?" என்று மூன்றாவது முறையாக யாரோ கேட்டுவிட்டார்கள். முதல் நாள் எழுதியதைப் படித்தால் அப்படித்தான் தோன்றுகிறது, எனவே என் மனம் மாறிய சம்பவத்தைச் சொல்கிறேன்.

சம்பளப் பட்டியல் போடும் மென்பொருள். கணக்குப் பிரிவில் ஒரு மூத்த அம்மா. மென்பொருள் கூட்டிக் கொடுத்த தொகையை நம்பாமல் முழுப் பட்டியலையும் கால்குலேட்டரில் தட்டிக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் "ஏன்" என்று கேட்கவில்லை, கொள்கை. போன மாதம் எப்படிச் செய்தீர்கள், அதற்கு முந்தின மாதம், எந்த வரிசையில், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று முக்கால் மணி நேரம் கேட்டேன். கடைசியில் அவரே நிறுத்திவிட்டு, "ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கறியே தம்பி?" என்றார். பல வருடம் முன்பு ஒரு மாதம் கூட்டல் தவறாக வந்ததாம். கையெழுத்து போட்டது அவர். மூன்று பேருக்குச் சம்பளம் குறைந்துபோனது, அதில் ஒருவர் அவரிடம் வந்து நின்ற விதத்தைச் சொன்னார். அதன் பிறகு ஒரு மாதம்கூடக் கையால் கூட்டாமல் அவர் கையெழுத்து போட்டதில்லை.

அவருக்குக் காரணம் துல்லியமாகத் தெரியும். யோசித்து எடுத்த முடிவு அது, காலுறையின் இடம் மாதிரி தெரியாமல் உள்ளே புகுந்தது இல்லை. எரிக்சன், சைமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980-இல் இந்த வேறுபாட்டைத்தான் வைத்தார்கள்: ஒருவரின் கவனத்தில் இருந்ததை அவரால் சொல்ல முடியும், கவனத்துக்கே வராததைச் சொல்லச் சொன்னால் ஊகித்துத்தான் சொல்வார். மாரியென்தால் ஆய்வைச் செய்த லசார்ஸ்ஃபெல்ட் 1935-லேயே இந்த "ஏன்" கேள்வியைப் பற்றித் தனியாக எழுதினார். இதை ஏன் வாங்கினீர்கள் என்றால் ஒருவர் பொருளின் குணத்தைச் சொல்வார், இன்னொருவர் யார் சொல்லி வாங்கினார் என்பதைச் சொல்வார், இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு எண்ணினால் அர்த்தமில்லை என்பது அவர் வாதம்.

இப்போது நான் செய்வது, சம்பவம் முழுவதும் மேசைமேல் வந்த பிறகு கேட்பேன். அதுவும் "எதனால அப்படி?" என்று. "ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்பது நம் பேச்சில் குற்றம் சாட்டுகிற தொனி, சின்ன வயதிலிருந்து அந்தக் கேள்விக்குத் தலையைக் குனிந்துதான் நமக்குப் பழக்கம்.

ஜூன் 19, இரவு 11.30

பேட்டி முடிந்த பிறகு நடப்பதைப் பற்றி யாருமே கேட்கவில்லை, ஆனால் தவறு அதிகம் நடப்பது அங்கேதான். பத்துப் பேட்டி என்றால் இருநூறு பக்கம். நான் வாக்கியம் வாக்கியமாகத் துண்டுபோட்டு ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதி, தலைப்பு வைக்காமல் தரையில் பரப்புவேன். ஜிரோ கவாகிதா என்ற ஜப்பானிய மானுடவியலாளர் நேபாளத்தில் சேர்த்த களக்குறிப்புகளை வைத்து உருவாக்கிய வழி அது. தலைப்பை முதலில் வைத்துவிட்டுச் சீட்டை அதற்குள் போடாதே, சீட்டுகள் ஒன்றோடொன்று சேரட்டும், பெயர் பிறகு வரும். கேட்க எளிது. செய்யும்போது கை தானாகவே போன வாரம் மீட்டிங்கில் மேலாளர் சொன்ன நாலு தலைப்புகளின் கீழ் சீட்டுகளை நகர்த்தும். எனக்கு இன்றும் நகர்த்துகிறது.

அதற்கு நான் கண்ட ஒரு தடுப்பு, எந்தக் குவியலிலும் சேராத சீட்டுகளைத் தனியே வைத்து, அவற்றுக்காக மட்டும் ஒரு முழுக் காலையை ஒதுக்குவது. மருத்துவமனை ஆய்வில் "கையுறை" என்று ஒரே ஒரு சீட்டு அப்படித் தனியாகக் கிடந்தது.

இன்னொரு பழக்கம், ட்ரான்ஸ்கிரிப்டில் "ன்னு" எங்கெல்லாம் வருகிறது என்று தேடுவது. "சரி, போகட்டும்னு விட்டுட்டேன்", "இது நமக்கு வராதுன்னு மூடிட்டேன்", "அப்புறம் யார்கிட்டயாவது கேட்டுக்கலாம்னு இருந்தேன்". அந்த நொடியில் தனக்குள்ளே சொல்லிக்கொண்டதை நாம் இப்படித்தான் சொல்வோம். முடிவு எடுக்கப்பட்ட இடம் பெரும்பாலும் அந்த "ன்னு"வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். பேச்சை ஒழுங்கான எழுத்துத் தமிழாக மாற்றித் தட்டச்சு செய்யும் ஆட்களிடம் கொடுத்தால் "முயற்சியைக் கைவிட்டார்" என்று வந்து சேரும், "இது நமக்கு வராது" என்பது காணாமல் போய்விடும். அது காணாமல் போனால் அந்த ஆளே காணாமல் போன மாதிரி. பேசியபடியே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள், இழுவை உள்பட.

ஜூன் 20, காலை 9.00

ஒலிப்பதிவைக் காலம் முழுக்க வைத்திருப்பீர்களா என்று கேட்டதற்கு: இல்லை. எவ்வளவு நாள் வைப்போம், யார் கேட்பார்கள், எப்போது அழிப்போம் என்று முதலிலேயே சொல்லிச் சம்மதம் வாங்குவேன், சொன்ன தேதியில் அழிப்பேன். பெயரை ட்ரான்ஸ்கிரிப்டிலிருந்து எடுத்துவிடுவேன். பேட்டி நடுவில் ஒருவர் உடைந்துபோனால் பதிவை நிறுத்துவேன், நிறுத்தியதை அவர் கண் பார்க்க நிறுத்துவேன். ஒரு முறை நிறுத்திய பிறகு சொன்னதுதான் அந்த ஆய்விலேயே முக்கியமான செய்தி. அதை நான் எங்கும் பயன்படுத்தவில்லை. டீமில் ஒருவர் இதற்காக என்னோடு நெடுநேரம் வாதாடினார். அந்தச் செய்தியைச் சேர்த்திருந்தால் தயாரிப்பு மேம்பட்டிருக்கும் என்றார். மேம்பட்டிருக்கும்தான்.

ஜூன் 27, இரவு 10.20

கேள்வி கேட்டவர் தன் சக ஊழியரோடு ஒரு பேட்டிக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார், "நடுநடுவே அவர் எதுவுமே பேசாமல் இருந்தார், எனக்குத்தான் தாங்க முடியவில்லை" என்று எழுதியிருக்கிறார். அந்தப் பேசாமல் இருப்பதுதான் கடைசியாகக் கைவரும். பத்து மொழிகளில் அளந்து 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, ஒருவர் கேட்டு முடித்து இன்னொருவர் பதில் தொடங்கும் இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். அது நீண்டுகொண்டே போனால் நமக்கு ஏதோ கோளாறு என்று தோன்றிவிடும். மேரி பட் ரோ என்ற கல்வியாளர் வகுப்பறைகளில் கவனித்தார், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடிகூடச் சரியாகக் காத்திருப்பதில்லை. மூன்று நொடி காத்திருக்கப் பழக்கினால் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, அதுவரை வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். பேட்டியில் நான் மேசைக்குக் கீழே விரலால் எண்ணுவேன். ஏழு வரை.

உங்கள் குறிப்பைப் படித்ததும் நான் முதல் வருடம் எடுத்த பேட்டிகளின் ட்ரான்ஸ்கிரிப்டைத் தேடி எடுத்தேன். ஒலிப்பதிவு சொன்ன தேதியில் அழிந்துவிட்டது, பெயரும் கிடையாது, "பங்கேற்பாளர் 4" என்றுதான் இருக்கிறது. பதினாறாம் பக்கத்தில் இது:

"வழக்கமா நானே பண்ணிடுவேன், யார்கிட்டயும் கேக்க மாட்டேன். ஆனா அன்னைக்கு…"

"சரி. அடுத்த கேள்விக்குப் போகலாமா?"

"ம்."

அந்த மூன்று புள்ளிகளை நான்தான் தட்டச்சு செய்தேன். எவ்வளவு நேரம் நிறுத்தினார், மூச்சு எடுத்தாரா, என்னைப் பார்த்தாரா, எதுவும் அதில் இல்லை. அடுத்த பக்கம் முழுக்க லாகின் திரையின் நிறத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம்.